வீட்டு வாசலில் நந்தி

வேனின் தகரக் கூரைமேல் மழை கல்லெறிவதுபோல் விழுந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

தஞ்சோங் காராங்கில் ஒரு காய்கறித் தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், அப்பா வாங்கி வந்த பழைய வேன் அது. பின்சீட்டுகள் கிடையாது. உள்ளே முட்டைக்கோஸ் வாடை. அப்பா குனிந்து தரையில் துரு சுரண்டிக்கொண்டிருந்தார், நான் டார்ச் பிடித்திருந்தேன். அம்மா கோப்பி கொண்டுவந்தார். அவர் ஏறியதும் மழை இன்னும் வலுத்துவிட்டது. வீட்டு வாசல் கைக்கெட்டும் தூரம்தான், ஆனாலும் திரும்பிப் போக முடியவில்லை. மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். அம்மா காலை நீட்டி, துண்டால் தோளைப் போர்த்திக்கொண்டு சொன்னார்:

"நல்லா சில்லுன்னு இருக்கு. இங்கேயே படுத்துக்கலாம் போல."

அவ்வளவுதான். என் மண்டைக்குள் பல்பு, டியூப்லைட்டு எல்லாம் ஒன்றாக எரிந்தன.

"அப்பா! இதுல ஒரு படுக்கை அடிச்சா கேமரன் மலைக்கு இதுலயே போயிட்டு வரலாம்பா. ஹோட்டலே வேணாம். அம்மா ஆசப்பட்ட மாதிரி குளிருல தூங்கலாம்!"

அம்மா வாய்விட்டுக் கேட்ட ஒரே இடம் கேமரன் மலை. தோட்டத்து ஆட்கள் இரண்டு முறை பஸ் பிடித்துப் போனார்கள், இரண்டு முறையும் அம்மாவால் போக முடியவில்லை. ஒரு முறை எனக்கு அம்மை போட்டிருந்தது. இன்னொரு முறை பஸ்ஸில் இடமில்லை. போய் வந்தவர்கள் அங்கே வாயைத் திறந்தாலே புகை வரும் என்று சொல்லிவிட்டார்கள். அது அம்மாவின் மனசில் ஒட்டிக்கொண்டது. "நெசமாவா, சிகரெட் புடிக்கிற மாதிரி வருமா?" என்று என்னிடம் எத்தனை முறை கேட்டிருப்பார்!

அப்பா சுரண்டுவதை நிறுத்திவிட்டு வேனை மேலும் கீழும் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தை நம்பித்தான் நான் மோசம் போனேன்.

"போலாம்லா," என்றார். "ஜம்முன்னு போலாம்."

"எப்பப்பா?"

"நந்தி."

மலாய்க்காரர்கள் 'பொறு, அப்புறம்' என்பதற்குச் சொல்லும் சொல்தான் அது. எங்கள் வாய்க்கு வந்ததும் சாமி மாடாகிவிட்டது. கூரை ஒழுகுதே? நந்தி. ரோட் டெக்ஸ் முடியப் போகுதே? நந்தி லா. அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: "சிவன் கோயில்லதான் நந்தி இருக்கும்னு நெனச்சேன். எங்க வீட்டு வாசல்லயும் ஒண்ணு படுத்துக் கெடக்கு. அது எந்திரிச்சாத்தானே நான் வெளிய போக முடியும்!" அப்பா கோபப்படவில்லை. மாடு மாதிரியே ஒரு சிரிப்பு சிரித்தார்.

மலேசியாவில் குளிர்காலம் இல்லை என்று பள்ளியில் படித்தேன். எங்கள் வீட்டில் உண்டு. அப்பா ஓட்டுவது எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி. வருஷக் கடைசி மழையில் தோட்டத்து மண்சாலை சேறாகி டயர் புதைய ஆரம்பித்தால் அவருக்குப் பாதி நாள் வேலை இருக்காது. அம்மா சுங்கை செம்பிலாங்கில் மீன் கொட்டகையில் இறால் உரிக்கிறார். கடல் கொந்தளித்துப் படகுகள் போகாவிட்டால் அவருக்கும் வேலையில்லை. இருவரும் ஒன்றாக வீட்டில் இருப்பது அந்த மழையில் மட்டும்தான். டிவியில் எங்கோ பனி கொட்டுவதைப் பார்த்த அப்பா இதற்கு 'வின்டர்' என்று பெயர் வைத்துவிட்டார். "வின்டர் வந்துருச்சுலா, வேலைய ஆரம்பிச்சிர வேண்டியதான்!"

போவதென்றால் வின்டரில்தான் போக முடியும். அப்பா எல்லா வேலையையும் ஆரம்பிப்பதும் வின்டரில்தான். இதுதான் சிக்கலே.

முதல் வின்டரில் படுக்கைக்குப் பலகை வாங்கினார். நான் ராவாங்கில் வேலைக்குச் சேர்ந்த புதிது. இணையத்தில் வீடியோவாகப் பார்த்து, அளவெடுத்து, படுக்கைக்கு அடியில் பெட்டி, பெட்டிக்குள் அடுப்பு என்று படமெல்லாம் வரைந்து கொடுத்தேன். அடுத்த வாரம் வந்து பார்த்தால் அந்தப் பலகை வரவேற்பறைச் சுவரில் அலமாரியாக நிற்கிறது. அதில் வரிசையாகக் கண்ணாடி பாட்டில்கள். பாட்டிலுக்கு ஒன்றாகச் சண்டை மீன்.

"சும்மா ஒரு டெஸ்ட்டுக்கு அடிச்சேன், ஆணி புடிக்குதான்னு," என்றார்.

"மீனுங்களுக்காவது படுக்க எடம் கெடச்சுச்சே," என்றார் அம்மா.

அடுத்த வின்டரில் மீன் அலுத்துவிட்டது. கார் நிறுத்துமிடத்துக்கு டைல் பதிக்க ஆரம்பித்தார். மிச்சம் மீதி விற்கும் கடையில் வாங்கியதால் மூன்று நிறம். பாதி பதித்ததும் சரக்கு தீர்ந்தது, அதே நிறம் திரும்பக் கிடைக்கவில்லை. மீதிப் பாதி இன்றைக்கும் வெறும் சிமெண்டு. மிஞ்சிய சிமெண்டு மூட்டை, உடைந்த டைல், காலி பாட்டில் எல்லாம் வேனுக்குள் ஏறின. ஊருக்குப் போக வாங்கிய வண்டி ஸ்டோராகிவிட்டது.

வேன் நகராமல் இருக்க இருக்க, பயணம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. முதலில் கேமரன் மலை. பிறகு "அவ்ளோ தூரம் போயிட்டு ஈப்போவ பாக்காம வர்றதா?" என்றார். பிறகு பினாங்கு. பிறகு எல்லை தாண்டி தாய்லாந்தில் ஹட்யாய். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டு, ரசம் ஓடிய வழியைக் காட்டி, "ரோட்டுலயே விட்டா பர்மா வழியா இந்தியாவுக்கே போயிரலாம்லா" என்றார். நான் தட்டைப் பார்த்தேன். கேமரன் மலை இருந்த இடத்தில் ஒரு அப்பளத் துண்டு கிடந்தது.

"அப்பனும் மகளும் வாயாலயே ஊரு சுத்திட்டு வந்துட்டீங்க," என்று அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

மகளும் என்றது எனக்குச் சுருக்கென்றது. நானா? வேலை இடத்தில் ஒரு பட்டியல் கொடுத்தால் மத்தியானத்துக்குள் முடிப்பவள் நான்.

அதனால் இந்த வருஷம் விடக்கூடாது என்று முடிவு செய்தேன். இருந்த லீவை எல்லாம் மொத்தமாகப் போட்டேன். ரோட் டெக்ஸ் நானே எடுத்தேன். வேனை நானே காலி செய்தேன். சனிக்கிழமை காலையில் கிளம்புகிறோம், கேமரன் மலை மட்டும், ஈப்போ கிடையாது, பர்மா கிடையாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கினேன். அம்மா பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் எப்போதோ வாங்கி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையோடு அலமாரிமேல் வைத்திருந்த கம்பளியை இறக்கினார். வெயிலே இல்லாததால் ஃபேன் காற்றில் விரித்துப் போட்டிருப்பதாகப் போனில் சொன்னார். பிரதோஷத்துக்கும் போய் வந்தாராம்.

"நந்தி காதுல என்னம்மா சொன்ன?"

"என்னத்தச் சொல்றது. 'நீ எப்பப்பா எந்திரிப்பே'ன்னு கேட்டேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராவாங்கிலிருந்து வந்து இறங்குகிறேன். வேனுக்குப் பின்கதவு இல்லை.

நிஜமாகவே இல்லை. அந்த இடத்தில் நீலக் கன்வாஸ் ஒன்று காற்றில் படபடத்தது. கதவு போர்ட்டிகோவில், டைல் பதித்த பாதியில், மல்லாந்து கிடந்தது.

"என்னப்பா இது?"

"கதவு," என்றார் அப்பா. "மேல தொறக்குற கதவ கீழ தொறக்குற மாதிரி மாத்துறேன். அப்பத்தான் அதையே மேசையாக்கி அம்மா சமைக்க முடியும். நீ வரைஞ்சு குடுத்த படத்துல இருக்கில்ல?"

"அது ரெண்டு வருஷத்துக்கு முந்தி வரைஞ்சதுப்பா! நாளைக்குக் கெளம்பணும்!"

"கீலு ஒண்ணு பத்தல. கோலா சிலாங்கூர் கடையில இல்லங்கிறான். கிள்ளான்ல கெடைக்குமாம்."

"அப்ப?"

அவர் வாயைத் திறந்தார்.

"சொல்லாதீங்க!" என்று கத்தினேன். "அந்தச் சொல்ல மட்டும் சொல்லிறாதீங்க!"

நான் கத்தியதில் பக்கத்து வீட்டு மலாய் அக்கா ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். கேமரன் மலைக்குப் பஸ் இருக்கிறது, அம்மாவை நான் பஸ்ஸில் கூட்டிப் போகிறேன், நீங்கள் உங்கள் கதவோடு இருங்கள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அப்பா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவரு வராம நான் மட்டும் போயி புகை விடணுமா?" என்றார் அம்மா உள்ளிருந்து. பிறகு ஒரு சத்தம் கேட்டது. கம்பளிப் பையின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம். நான் கத்தியதைவிட அது பெரிதாகக் கேட்டது.

சனிக்கிழமை. கிளம்பியிருக்க வேண்டிய நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பாவைக் கூப்பிடச் சொன்னார் அம்மா. சண்டையின் இரண்டாம் பாகத்தை மனசுக்குள் தயார் செய்துகொண்டுதான் போனேன். மழை பெய்தது. வேனின் பின்பக்கம் கன்வாஸ் விலகியிருந்தது. கதவு இருந்திருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது.

அப்பா ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடவில்லை. போனை ஸ்டியரிங்குக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தார். அதில் யாரோ காடியின் முன்னால் கேமரா மாட்டி எடுத்த வீடியோ ஓடியது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், எதிரே காய்கறி லோரி. ஒவ்வொரு வளைவுக்கும் அப்பாவின் கை ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பியது. லோரி வந்தபோது வலது கால் பிரேக்கை அழுத்தியது. அழுத்தியபடியே நின்றது. நகராத வண்டியில், அவ்வளவு இறுக்கமாக.

வீடியோவைப் பின்னால் தள்ளி அதே வளைவைத் திரும்பப் பார்த்தார்.

எங்கள் பக்கம் எப்படிப்பட்ட நிலம் என்று யோசித்துப் பாருங்கள். ஜெராமிலிருந்து சுங்கை பஞ்சாங் வயல்வரை தட்டு மாதிரி. அப்பா இத்தனை வருஷம் லோரி ஓட்டியது தோட்டத்துக்கும் ஆலைக்கும் நடுவில்தான். கோலாலம்பூருக்குக்கூட பஸ்ஸில்தான் போவார். சேறு தெரியும், பள்ளம் தெரியும், வாய்க்கால் ஓரத்தில் பின்னால் எடுக்கத் தெரியும். மேடு?

"நீங்க மலையில ஓட்டுனதே இல்லையாப்பா?"

திடுக்கிட்டுத் திரும்பினார். போனைக் கவிழ்த்தார்.

"எங்கலா இருக்கு மலை இங்க?" என்றார். ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே, "லைசன்ஸ்ல எல்லா கிளாஸும் வெச்சிருக்கேன். லோரிக்காரனுக்கு மலை ஏறத் தெரியலன்னு எவங்கிட்ட போயி சொல்ல? உங்கம்மாவ பக்கத்துல வெச்சிக்கிட்டுப் பள்ளத்துல விட்டுட்டேன்னா?"

எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். பலகை, மீன், டைல், ஹட்யாய், பர்மா, இந்தக் கீல், எல்லாம் இதற்காகவா? ஒரே ஒரு வரி! முதல் வருஷமே சொல்லியிருந்தால்?

"நான் ஓட்டுறேன்பா. ராவாங்ல ஏத்தம் எறக்கமெல்லாம் எனக்குப் பழக்கம்தான்."

"என் காடிய நீயா?" என்றார் உடனே. பயந்தவர் குரலே இல்லை அது.

"அப்ப நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காருறேன். எறங்கும்போது பிரேக்கையே மிதிச்சிக்கிட்டு இருக்கக் கூடாதுப்பா, சூடாயிரும். ரெண்டாவது கியர்ல விடணும்."

"அதான்லா அவனும் வீடியோவுல சொல்றான்," என்றார் முனகலாக.

சோறு ஆறிப்போச்சு என்று குடையோடு வந்த அம்மா இதில் எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. வேனுக்குள் ஏறி, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"இங்க மலாவாத்தி குன்று இருக்கே," என்றார். "அதுல ஏறிப் பாருங்க மொதல்ல. அங்க இருக்குற கொரங்கு பாத்தா வெக்கமா என்ன?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. சேர்த்து வைத்த லீவெல்லாம் ஊருக்குள் இருக்கும் ஒரு குன்றில் கழியப் போகிறது! அதிலும் சனி ஞாயிறில் காடியை மேலே விடமாட்டார்கள், டிராம் மட்டும்தான். வார நாள் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

"திங்கக்கெழம," என்றேன். "காலையில. படுக்கை வேணாம், மேசை வேணாம். கதவ பழைய மாதிரியே மாட்டுங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா புருவத்தை உயர்த்தினார்.

"சரிலா," என்றார் அப்பா.

இன்று ஞாயிறு. கம்பளி அலமாரிமேல்தான் இருக்கிறது. குன்றுக்கு எதற்கு, பிளாஸ்க்கில் கோப்பி போதும் என்கிறார் அம்மா. கதவைத் தூக்கிப் பிடிக்க நான் போக வேண்டும். பழைய கீலின் ஆணி ஒன்று காணவில்லையாம், அப்பா வேனுக்கடியில் படுத்துத் தேடிக்கொண்டிருக்கிறார். கிடைக்காவிட்டால் கம்பி போட்டுக் கட்டிவிடுவேன். நாளைக்கு மலாவாத்தி. ஒரு முறை ஏறி, இரண்டாவது கியரில் இறங்குவது. கீழே வந்ததும் நிறுத்தாமல், அப்படியே திரும்ப ஏறுவது. அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கும்வரை. புதன்கிழமை வரைக்கும் எனக்கு லீவு இருக்கிறது.