மேலடுக்கில் பிழைத்தவை

சூட்டுப்பெட்டியின் கதவைத் திறந்ததும் முதல் வேலையாக உள்ளே மூக்கை விட்டு மோந்து பார்ப்பாள், எல்லோரும் 'இன்ஸ்பெக்டர்' என்று பட்டம் வைத்திருக்கும் அக்கா. அந்தச் சூட்டுப்பெட்டியில் வளர்வது கண்ணுக்குத் தெரியாத கிட்னி செல்கள். யாரும் களவாடிப் பொரித்துத் தின்னப் போவதில்லை. ஆனாலும் யாராவது திறந்தால் கிழிந்து காட்டிக்கொடுக்கும்படி, கதவின் வெளிவிளிம்பில் ஒட்டுத்தாள் துண்டொன்றை ஒட்டாமல் அவள் வீட்டுக்குக் கிளம்பியதில்லை.

இருபத்திரண்டு வருஷமாக ஆய்வுக்கூடத்தில் செல்களுக்குத் தீனி போடுவது அவள் உத்தியோகம். அந்தத் தீனியான இளஞ்சிவப்புத் திரவம் கெட்டு மஞ்சளித்திருந்தால் எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் முறைப்பாள். "இதுங்க தானா சாகாது. யாரோ சாகடிக்கணும்."

செல்களைக் கடும் சூட்டில் வதைத்து, புது மருந்து காப்பாற்றுகிறதா என்று பார்த்தார்கள். மருந்து குடித்தவை பிழைத்தன, குடிக்காதவை செத்தன. மூன்று தடவையும் அப்படியே. அடுத்த மாதம் நோயாளிகளுக்கே கொடுக்கலாம் என்று ஏற்பாடு. பட்டியலில் முதல் ஆள், கிட்னி கெட்டுக் கிடக்கும் அக்காவின் தம்பி.

"இப்பவாவது சிரியேன் அக்கா" என்றார் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா.

"மூணு தடவையும் மருந்து போட்ட கிண்ணம் பெட்டியோட மேலடுக்குலதானே இருந்துச்சு?"

"அதனால என்ன?"

"மேல மோட்டார் இருக்கு."

வெப்பமானி வைத்தார்கள். மேலடுக்கில் இரண்டு டிகிரி கூடுதல். முன்கூட்டியே இளஞ்சூடு பட்டுப் பழகிய செல் பெருஞ்சூட்டையும் தாங்கிவிடும். டாக்டரம்மாவே வருஷா வருஷம் நடத்தும் பாடம்தான். கைதட்டலில் மறந்துபோயிற்று.

கிண்ணங்களை இடம் மாற்றி மறுபடி செய்தார்கள். அந்த வாரம் முழுக்க அக்கா வெப்பமானியைச் சந்தேகித்தாள், மோட்டாரைச் சந்தேகித்தாள், ஆள் மிச்சமில்லாமல் கடைசியில் தன்னையே பிடித்துக்கொண்டாள். "மருந்து ஜெயிக்கணும்னு உள்ளுக்குள்ள வேண்டிக்கிட்டே இருக்கேன். என் கண்ணை நம்ப முடியாது. நீங்களே எண்ணுங்க." எது எந்தக் கிண்ணம் என்று தெரியாதபடி பெயர்ச்சீட்டுகளையும் மூடி ஒட்டினாள்.

டாக்டரம்மா எண்ணி முடித்துச் சீட்டுகளைப் பிரித்தார். மேலே மருந்தில்லாதவை பிழைத்திருந்தன. கீழே மருந்து குடித்தவை அத்தனையும் காலி.

"தம்பிகிட்ட நான் பேசவா?"

அக்கா மருந்துக் கிண்ணத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, நகத்தால் ஓரத்தில் மெல்லச் சுண்டினாள். செத்த செல் மிதக்கும்; உயிரோடு ஏதாவது ஒன்று அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். மறுபடி சுண்டினாள்.