கருவாட்டுக்குள் ஒரு மாத்திரை

ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றோரம் குத்தகைக்கு வாழை போட்டிருக்கும் சுடலைவடிவுக்கு வாய் கொஞ்சம் நீளம். புருஷன் போன பிறகு ஒத்தையாளாய்த் தோட்டம் பார்க்கிறவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? பன்றியை விரட்டச் செவலை நாய், மனுஷரை விரட்ட அவள் வாய். ரெண்டும் குறையில்லாமல் வேலை செய்தன.

செவலைக்கு முன்னால் ஒரு கறுப்பு நாய் வைத்திருந்தாள். அது இருமி இருமி, வயிறு ஊதி, நாலெட்டு நடந்தாலே மூச்சு வாங்கிச் செத்துப்போனது. விஷம் என்றார்கள், கண்ணேறு என்றார்கள், ஆளுக்கொரு பேச்சு. திருநெல்வேலியில் நாய் வைத்தியம் பார்க்கிற பிரியதர்ஷினி டாக்டர்தான் உள்ளதைச் சொன்னாள். இதயத்துக்குள் நூல் நூலாய்ப் புழு. நோயுள்ள நாயைக் கடித்த கொசு அடுத்த நாயைக் கடிக்கும்போது கொண்டுவந்து விடுகிறது. வந்தபின் விரட்டுவது பெரும்பாடு. வராமல் தடுக்க மாசத்துக்கு ஒரு மாத்திரை, வருஷத்துக்கு ஒருதரம் ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான். வாய்க்காலும் வாழையும் உள்ள இடத்தில் கொசுவுக்கா பஞ்சம்? செவலை குட்டியாய் வந்த நாளிலிருந்து, தமிழ் மாசம் பிறந்தால் அதற்கு மாத்திரை. சோற்றில் வைத்தால் துப்பிவிடும், ரொட்டியில் வைத்தால் துப்பிவிடும். சாளைக் கருவாட்டைக் கீறி உள்ளே வைத்தால் மட்டும் சத்தமில்லாமல் இறங்கும்.

போன கார்த்திகையில் மகள் பேறுகாலத்துக்குக் கோயம்புத்தூர் போகவேண்டி வந்தது. நாயை யாரிடம் விடுவது என்று அவள் யோசிக்கவேயில்லை. அடுத்த தெருவில் தம்பி இசக்கிமுருகன் இருக்கிறான். ஆத்தா செத்தபிறகு இவள் இடுப்பில் வளர்ந்த பிள்ளை.

"ஏலே, சோறு ஒருநேரம் தப்பினாலும் போவுது. இது தப்பப்பிடாது" என்று மாத்திரையையும் கருவாட்டையும் கையில் கொடுத்தாள்.

"நீ போயிட்டு வாக்கா. நான் இருக்கம்லா."

மார்கழி பிறந்ததும் போன் போட்டாள். "கொடுத்தாச்சுக்கா, லபக்குன்னு முழுங்கிட்டு" என்றான். தை பிறந்ததும் போட்டாள். அதே பதில். தாயில்லாமல் வளர்ந்தாலும் தம்பிக்குப் பொறுப்பைப் பாரு என்று மகளிடம் பெருமையடித்துக்கொண்டாள். மாசியில் ஊர் திரும்பி மறுபடி தன் கையாலேயே கொடுத்தாள்.

ஆவணியில் ஆட்டோ பிடித்துச் செவலையைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். முன்னங்காலில் ரத்தம் எடுத்து, சின்னத் தகட்டில் சொட்டுவிட்டு வைத்தாள் டாக்டர். கொஞ்ச நேரத்தில் ரெண்டு கோடு விழுந்தது. மகள் பிள்ளை உண்டானபோது இப்படி ரெண்டு கோட்டைக் காட்டித்தான் சிரித்தாள். இங்கே டாக்டர் சிரிக்கவில்லை.

"புழு வளர்ந்து இதுல தெரிய அரை வருஷத்துக்கு மேல ஆகும்மா. போன மழைக்காலத்துல கடிச்ச கொசுவா இருக்கணும். அப்போ மாத்திரை விட்டுப்போச்சா?"

சுடலைவடிவுக்கு வந்தது பாருங்கள் கோபம். "எங்கூடப் பொறந்தவன் கையால கொடுத்திருக்கான். ஒங்க மாத்திரையில என்ன கோளாறோ, அதப் பாரும்மா" என்று நாலுபேர் பார்க்கச் சத்தம் போட்டாள். டாக்டர் மல்லுக்கு நிற்கவில்லை. வளர்ந்த புழுவைக் கொல்லுகிற ஊசி இங்கே லேசில் கிடைக்காது, மாத்திரையிலேயே பையப் பையத்தான் பார்க்கவேண்டும் என்றாள். சாகிற புழு நுரையீரல் குழாயை அடைக்கும். அந்த நேரத்தில் நாய் ஓடினாலோ துள்ளினாலோ உயிருக்கே ஆபத்து, கட்டித்தான் போடவேண்டும் என்றும் சொன்னாள்.

துக்கத்தைச் சொல்லி அழ நேரே தம்பி வீட்டுக்குத்தான் போனாள். அவன் பொண்டாட்டி கலையரசி ஒரு சூதும் இல்லாமல் சொன்னாள்: "மாத்திரையா மதினி? மார்கழி, தையில இவங்க திருச்செந்தூருக்கு மாலைல்லா போட்டிருந்தாங்க. கருவாட்டையெல்லாம் அன்னைக்கே வெளிய தூக்கிக் கொடுத்தாச்சு. சோத்துல வச்சுப் பாத்தாங்க, அது துப்பிட்டு. பொறவு விட்டுட்டாங்க."

உள்ளேயிருந்து வந்த இசக்கிமுருகன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"கொடுத்தேன்னு சொன்னியேலே?"

"மாலையோட கருவாட்டத் தொட முடியுமாக்கா? ரெண்டு மாசந்தான, என்ன ஆயிரப்போவுதுன்னு நினைச்சேன். சொன்னா நீ அங்கன இருந்து கெடந்து கத்துவ."

"கருவாட்டத் தொட்டாத்தான் முருகனுக்கு ஆகாது. பொய் சொன்னா ஆகுமோ? அதையும் மாலை போட்டுக்கிட்டே சொல்லியிருக்க."

படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தோட்டத்துப் பக்கம் குடியிருக்கும் ஹமீது பீவியிடம் சொல்லி மாத்திரையைக் கொடுக்க வைத்திருப்பாள். ஊரான் ஏமாற்றினால் வைது தீர்த்துக்கொள்ளலாம். இவனுக்காக அல்லவா ஒரு பாவமும் செய்யாத டாக்டரை வைதுவிட்டு வந்தாள்.

செவலையைத் தோட்டத்துக்கு விடாமல் வீட்டு வாசலில் கட்டிப்போட்டாள். ஒரு வாரம் போயிருக்கும். இசக்கிமுருகன் திருச்செந்தூர் இலை விபூதியோடு பைக்கில் வந்தான். வண்டிச் சத்தம் கேட்டதுமே நாய் எழுந்து கயிற்றை இழுக்க ஆரம்பித்தது. அவள் ஓடிப்போய் அதைக் கட்டிப்பிடித்தாள்.

"கிட்ட வராத. ஒன்னையக் கண்டா துள்ளுது. துள்ளினா செத்துரும்."

"இதையாவது பூசிவிடுக்கா."

"அங்கன வச்சிட்டுப் போ."

"எப்ப வரைக்கும் வரப்பிடாதுங்கிற?"

"நாய்க்குப் புழு சாவுற வரைக்கும். எனக்கு எப்பன்னு கேக்காத, தெரியாது."

விபூதியைப் படியில் வைத்துவிட்டு அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனைக்குப் போனான். நாய் அவன் போன பக்கமே பார்த்து முனகி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அதன் நெஞ்சில் கையை வைத்து அழுத்தியபடியே சுடலைவடிவு, "நானும் இப்படித்தாம்ல இருந்தேன்" என்றாள்.