பதினேழாம் எண் வீடு

வடக்கனந்தல் ராஜாங்கத்துக்கு வீடு வீடாகப் போய் சர்வே எடுப்பதுதான் பதினாறு வருடப் பிழைப்பு. கறார் பேர்வழி. பூட்டிய வீட்டுக்கு மூன்று தடவை நடப்பாரே தவிர, பக்கத்து வீட்டில் கூப்பிட்டு மோர் கொடுத்தாலும் அசைய மாட்டார். "குலுக்கல்ல விழுந்த வூடுதாங்க வூடு. நமக்குப் புடிச்ச வூட்டுக்குப் போனா அது சர்வே இல்ல, விருந்து" என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரே ஒரு நாள் சறுக்கினார்.

போன ஐப்பசியில் கல்வராயன் மலையில் ஒரு சிற்றூர். பெண்களுக்கு ரத்தசோகை எவ்வளவு என்று பார்க்கிற சர்வே. அறுபத்திரண்டு வீட்டுக்கும் எண் போட்டுக் குலுக்கியதில் பத்து வீடு விழுந்தது. அதில் பதினேழாம் எண் ஓடைக்கு அந்தப் பக்கம். மழையில் தண்ணீர் இடுப்பளவு போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கரையில் நின்று பார்த்தார் ராஜாங்கம். 'ஒரே ஊரு, ஒரே களி. ரத்தம் மட்டும் இன்னா வேறயாவா இருந்துடப் போவுது' என்று மனசைத் தேற்றிக்கொண்டு திரும்பினார். இந்தக் கரையில் இருந்த பொன்னாயியின் விரலைக் குத்தினார். ரத்த அளவு குறையில்லாமல் பன்னிரண்டு என்று வந்ததை, பட்டியலில் இருந்த பதினேழாம் வீட்டு மீனாவின் பேரில் ஏற்றிவிட்டார்.

மார்கழியில் சேதி வந்தது. மீனா பிரசவத்தில் போய்விட்டாளாம், உடம்பில் ரத்தமே இல்லையாம். அளவு ஏழுக்குக் கீழே இருந்தால் அன்றைக்கே சீட்டு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் ராஜாங்கத்தின் வேலைதான். அவள் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. அதுதான் வினையாகிப் போனது. சின்னசேலம் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் யாராவது திரும்பினால் இவள்தானோ மீனா என்று திக்கென்றது. சர்வே ஏற்றுகிற டேப்லெட்டைத் திறந்தால் மீனா, வயது இருபத்திரண்டு, அளவு பன்னிரண்டு, நலம் என்று இருந்தது.

சித்திரையில் அதே வீடுகளுக்கு மறுசுற்று வந்தது. மீனா பேருக்கு நேரே 'இறப்பு' என்று ஏற்றிவிட்டு நகர்ந்தால், பழைய பொய் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் வேலை போகும். ஆனால் இனி ஒரு நாள்கூட அவரால் தாங்க முடியாது. வறண்டு கிடந்த ஓடையைக் கடந்து போனார்.

மீனாவின் புருஷன் கண்ணுசாமி கட்டிலை இழுத்துப் போட்டான். ராஜாங்கம் உட்காரவில்லை.

"போன வாட்டி நான் உங்க வூட்டுக்கு வரலப்பா. தண்ணிக்கு பயந்துக்கினு திரும்பிட்டேன். வந்ததா எழுதிட்டேன்."

அவன் அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது அவருக்கு. அவன் அடிக்கவில்லை.

"தெரியும் சார். எங்க வூடு குலுக்கல்ல விழுந்துருக்குன்னு சொன்னாங்களா, சாமை அறுப்புக்குக்கூட போவாம ரெண்டு நாளா காத்துக்கினு இருந்தா. நீங்க அந்தாண்ட நின்னுக்கினு இருந்ததப் பாத்தா. எங்க ஆழம் கம்மின்னு உங்களுக்குக் காட்டறேன்னு வயித்தத் தூக்கிக்கினு தண்ணில எறங்கிட்டா சார். பாதி தூரம் வந்தா. அதுக்குள்ள நீங்க திரும்பிட்டீங்க."