தாளில் இல்லாதது

பொன்னமராவதியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை என்னுடையது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் கடை மாடியில் இரண்டு வருசம் குடியிருந்த இளமதி சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த பிள்ளை. தாய் கண்ணாத்தாளுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்ததும் வேலையை உதறிவிட்டு வந்துவிட்டாள். அப்பன் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை.

கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே செய்கிற வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. கம்ப்யூட்டர் சாமான்களுக்கு விளக்கம் எழுதுகிற வேலை. ஆனால் உலகத்துக்குப் பொதுவான திட்டம் ஏதாவது ஒன்றில் அவள் எழுதியது ஏற்கப்பட்டு, பெயர் ஏறியிருக்க வேண்டுமாம். மார்ச் கடைசிக்குள். இல்லையென்றால் தாயை யாரிடமாவது விட்டுவிட்டுச் சென்னைக்கே திரும்ப வேண்டும்.

அவள் பிடித்த திட்டம் வெப்சைட் கட்டுகிறவர்களுக்கானது. எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். வீடு கட்டுகிறவனுக்கு அஸ்திவாரம், தூண், வயரிங், தண்ணிக் குழாய் எல்லாம் போட்டு முடித்த கூடு ஒன்றை இனாமாகக் கொடுத்தால் எப்படி? அதுபோல. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம். கூடு நல்ல கூடுதான். எந்த சுவிட்ச் எதற்கு என்று எழுதியிருந்த விளக்கம்தான் குப்பை. எடுத்தவர்கள் எல்லாம் முதல் நாளே முட்டிக்கொண்டு திட்டியிருக்கிறார்கள். அந்த விளக்கத்தைத் திருத்தி எழுதத்தான் இளமதி உட்கார்ந்தாள்.

அவள் வேலை செய்கிற விதமே வேறு. முதலில் தமிழில் எழுதுவாள். அதை என் கையில் கொடுத்து, லேப்டாப்பை என் மேசையில் வைத்து, செய்யச் சொல்வாள். நான் தட்டுத்தடுமாறி முடித்தால்தான் அது இங்கிலீசுக்குப் போகும்.

"மாமா, நீங்களா ஒண்ணும் யோசிக்காதீங்க. தாள்ல இருக்கிறத மட்டும் செய்யுங்க. இல்லாதத செய்யாதீங்க."

"ஏதாச்சும் கெட்டுப்போச்சுன்னா?"

"தப்பு என்னோடது. ஒங்க மோட்டாரு மாதிரி இது பொகையாது, பயப்படாம தட்டுங்க."

பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். நான் திரும்பிப் பார்த்தால் அதட்டுவாள். "என்னையப் பாக்காதீங்க. தாளப் பாருங்க."

முதல் தடவை ஆறாவது வரியிலேயே திரை முழுக்கச் சிவப்பெழுத்து. எனக்கு வேர்த்துவிட்டது. அவளோ சந்தோசத்தில் குதிக்கிறாள். மாதிரிக்கு வைத்திருக்கிற ஃபைல் ஒன்றை நகலெடுத்து, பெயர் மாற்றி, நம்முடைய ரகசியச் சொல்லை அதில் எழுத வேண்டுமாம். அது எங்கேயுமே எழுதப்படவில்லை.

"எல்லாரும் ஒரு தடவ பண்ணிட்டு மறந்துட்டாங்க மாமா. அதான் ஒருத்தரும் எழுதல."

அது எனக்குப் புரிந்தது. கருகிய மோட்டாரைப் பிரிக்கும்போது பழைய கம்பியை வெட்டுமுன் எத்தனை சுற்று என்று எண்ணி வைக்க வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் அதை எவனும் சொல்லவில்லை. எண்ணாமல் வெட்டிப்போட்டுவிட்டு, முழுசாக ஒரு நாள் அந்தக் கம்பிக் குப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு தடவை என்னை உட்கார வைத்தாள். நாற்பது பக்கம் ஆனது. நவம்பரில் அனுப்பினாள். ஏற்றுக்கொள்கிற உரிமை எங்கோ வெளிநாட்டில் இருக்கிற ஒரே ஆளிடம். 'நன்றி, பார்க்கிறோம்' என்று ஒரு வரி வந்தது. அப்புறம் கூட்டையே கொஞ்சம் மாற்றிக் கட்டினார்கள். இவள் முப்பத்தோரு இடத்தில் திருத்தி மறுபடி அனுப்பினாள். பதில் இல்லை.

"அந்த ஆளு நம்பரக் குடு, நான் பேசுறேன்" என்றேன். "கரண்டு ஆபீசுலயே பேசி லைன் வாங்குனவன் நான்."

"நம்பரும் இல்ல, ஊரும் தெரியாது மாமா. பேசி என்னன்னு கேப்பீங்க?"

"பிள்ள எழுதிக் குடுத்து மூணு மாசமாச்சு, படிக்க ஒனக்கு என்னடா நோக்காடுன்னு கேப்பேன்."

சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி கடைசியில் ஒரு மத்தியானம், திருத்திய தாளை வைத்துப் பன்னிரண்டாவது தடவையாக நான் தட்டிக்கொண்டிருந்தேன். திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. "முடியிற வரைக்கும் மூடிப்புடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தாய்க்குக் கஞ்சி கொடுக்க மேலே போனாள். மேலேயிருந்து கத்தினாள். கண்ணாத்தாளுக்கு இரண்டாவது தடவையாக வாதம் வந்துவிட்டது. ஆம்புலன்சில் தூக்கிப் போட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனார்கள்.

லேப்டாப் என் மேசையிலேயே கிடந்தது. மூடாதீங்க என்று சொன்னவள் மூடுங்க என்று சொல்லவில்லை. வயரைச் சொருகியே வைத்திருந்தேன். தூசி படாமல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தேன்.

மூன்றாம் நாள் டிங் என்று ஒரு சத்தம். துண்டை விலக்கினால் திரை ஓரத்தில் சின்னப் பெட்டி ஒன்று. இங்கிலீசில் நாலைந்து வரி. அதில் 7 என்கிற எண் மட்டும் எனக்குத் தெரிந்தது. கை அதைத் தட்டப் போனது. தாளை எடுத்துப் பார்த்தேன். இப்படிப் பெட்டி வந்தால் என்ன செய்வது என்று நாற்பது பக்கத்தில் எங்கேயும் இல்லை. கையை எடுத்துக்கொண்டேன். போனில் தினமும் அவளோடு பேசத்தான் செய்தேன். தாய் கண் திறக்குதா என்று கேட்டேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் நிற்கிற பிள்ளையிடம் கம்ப்யூட்டர் பேச்சு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

பதினாறு நாள் கழித்துத் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மறுநாள் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தவள் அப்படியே இருந்தாள்.

"என்ன ஆத்தா?"

அனுப்பி வைத்தது ரொம்ப நாள் அசைவில்லாமல் கிடந்தால் ஓர் எந்திரமே அதை மூடிவிடுமாம்; இவள் அனுப்பியதையும் மூடிவிட்டது. ஏழு நாள் முன்னால் எச்சரிக்கும். அதற்குள் ஒரு வார்த்தை, 'இருக்கிறேன்' என்று எழுதினால் போதும். அவள் மாசாமாசம் அப்படித்தான் எழுதி உயிரோடு வைத்திருந்திருக்கிறாள். போனில் அந்த மெயில் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாளாம்.

"பொட்டி வந்துச்சு" என்றேன். "நான் பாத்தேன். தாள்ல இல்ல, அதான் தொடல."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆமா மாமா. அத நான் எழுதல."

மறுபடி புதிதாக அனுப்பினாள். இந்தத் தடவை இரண்டே நாளில் பதில் வந்தது. அடுத்த பதிப்பு ஜூனில் வருகிறது, அதுவரை விளக்கம் எதையும் வாங்குவதில்லை என்று. கோயம்புத்தூர்க்காரர்கள் ஜூன் வரைக்கும் காத்திருக்கவில்லை.

ஏப்ரலில் சென்னைக்குக் கிளம்பினாள். என் தங்கச்சி உண்ணாமலை மாடியில் தங்கிக் கண்ணாத்தாளைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. போகிறதுக்கு முந்தின நாள் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். எந்த மாத்திரை எப்போது, எந்தப் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைப்பது, கஞ்சி எவ்வளவு நீர்க்க. என்னையும் உண்ணாமலையையும் செய்து காட்டச் சொல்லிப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உண்ணாமலை திரும்பிப் பார்த்தாள். "என்னையப் பாக்காதீங்கத்தை" என்றாள் இளமதி.

கடைசி வரி மட்டும் சிவப்பு மையில் இருந்தது. 'இதில் எழுதாதது எது நடந்தாலும் உடனே எனக்குப் போன் செய்யவும்.'

நேற்றுச் சாயங்காலம் கண்ணாத்தாள் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, இளமதி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாளா என்று கேட்டது. நாலு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். இதற்கு என்ன சொல்வது என்று இல்லை. உடனே போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் அவளால் எடுக்க முடியாதாம். கண்ணாத்தாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.