இது ஸ்போர்ட்ஸ் கார் அல்ல

உட்கார்ந்தால் என் கால் தானாக ஆடும். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் மைக்கூட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் எழுதுவார். காலாட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள்; எனக்கோ ஆட்டாவிட்டால் உடம்புக்கு ஆகாது. எழுபதுகளின் பிற்பகுதி அது. டெல்லியில் ஓர் அமைச்சகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். கிட்வாய் நகரில் சின்னக் குவார்ட்டர்ஸ். ஏழு வருஷமாக ஒரே நாற்காலி, ஒரே பஸ், பதினொரு மணிக்கு ஒரே டீ. எதிலாவது ஏறி எங்காவது போய்விட வேண்டும் என்று உடம்பு பரபரத்துக்கொண்டே இருக்கும். எங்கே என்று கேட்டால் தெரியாது.

அப்போதுதான் அந்தக் கார் வந்தது. முனிர்கா பக்கம் குடியிருந்த ஒரு ராணுவ அதிகாரி மாற்றலாகிப் போகும்போது எனக்கு விற்றுவிட்டுப் போனார். பழைய, சின்னக் கார். இரண்டே கதவு. பின் சீட்டுக்குப் போக வேண்டுமானால் முன் சீட்டை மடக்கி, முழங்காலை மூக்கு வரை கொண்டுவந்து நுழைய வேண்டும். கரோல்பாக்கில் ஒரு சர்தார்ஜி மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் ரத்தச் சிவப்பில் பெயிண்ட் அடித்தார். சைலன்சரில் என்னவோ செய்து உறும வைத்தார். சாவியைக் கையில் கொடுத்து, "லோ பாயி சாப், அப் யே ஸ்போர்ட்ஸ் கார் பன் கயி" என்றார். ஸ்போர்ட்ஸ் கார் ஆகிவிட்டதாம்! நான் தரையில் கால் பாவாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

எங்கள் பிளாக்கில் விடுவார்களா? எங்களையும் சேர்த்துத் தமிழ்க் குடும்பம் ஐந்து. மற்ற நாலு வீட்டு ஆண்களும் கோப்பில் குறிப்பு எழுதியே பழகியவர்கள். வண்டியைச் சுற்றி நின்றுகொண்டு விசாரணை நடத்தினார்கள். மேல்வீட்டில் தணிக்கைத் துறைக்காரர் ஒருவர், தஞ்சாவூர் பக்கம். அவர் கூரையைத் தட்டிப் பார்த்தார்.

"இது மடங்காதே ஓய்! கூரை மடங்கலேன்னா அது எப்படி ஸ்போர்ட்ஸ் கார் ஆகும்?"

எதிர்வீட்டுக் கோயமுத்தூர்க்காரர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "கூரை கெடக்குதுங்க. வேகந்தானுங்க முக்கியம். அறுபதுக்கு மேல போனா இது தாங்குமுங்களா?"

தாங்காது. அறுபதைத் தொட்டால் ஸ்டியரிங் என் காலைவிட மோசமாக ஆடும். அதை நான் வெளியே சொல்லவில்லை. "ரெண்டு கதவு இருக்குல்ல?" என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் மாடி வராந்தாவிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "இந்தத் தகர டப்பாவுக்கு இம்புட்டுப் பஞ்சாயத்தா?" என்றாள். நாங்கள் இருவரும் மதுரைப் பக்கம். அவளுக்கு நக்கல் கூடப் பிறந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு, எனக்கு முன்னால் கீழே இறங்கி வண்டிப் பக்கத்தில் நிற்பவள் அவள்தான். ரிங் ரோடு, தௌலா குவான், அங்கிருந்து ரிட்ஜ் காட்டுக்குள் போகும் சாலை. எங்கும் இறங்கமாட்டோம். டீக்கும் இறங்கமாட்டோம், கோயிலுக்கும் இறங்கமாட்டோம். கண்ணாடியை முழுக்க இறக்கிக் கையை வெளியே போட்டுக்கொள்வாள். வீட்டில் எண்ணிப் பேசுகிறவள், அந்த வண்டிக்குள் என் அம்மாவில் தொடங்கிப் பால் பூத்துக்காரன் வரை எல்லாரையும் வாய்நிறையத் திட்டுவாள். திட்டி முடிந்ததும் சுருதி சேராமல் பாடுவாள். ஏற்றம் வந்தால் இருவரும் முன்னால் சாய்ந்துகொள்வோம், என்னவோ நாங்கள்தான் வண்டியைத் தள்ளுகிற மாதிரி. ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பிவிடுவோம். அன்று முழுக்க என் கால் ஆடாது. அதை முதலில் கவனித்துச் சொன்னவளும் அவள்தான்.

அரசாங்க ஊழியன் கார் வாங்கினால் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கொரு படிவம் உண்டு. வாகனத்தின் வகை என்ற கட்டத்தில் வெறுமனே கார் என்று எழுதியிருந்தால் வம்பில்லாமல் முடிந்திருக்கும். நான் 'ஸ்போர்ட்ஸ் கார்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். தவளை தன் வாயால் கெடும். நான் பேனாவால் கெட்டேன். அடுத்து, நோக்கம் என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ஒரு கோடு போட்டுவிட்டுக் கொடுத்துவிட்டேன்.

பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வந்த அதே வாரம் மெமோ வந்தது. ஸ்போர்ட்ஸ் கார் என்பது யாது? குமாஸ்தா ஒருவருக்கு அது எதற்கு? நோக்கம் என்ற கட்டம் ஏன் நிரப்பப்படவில்லை? விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அதே நாற்காலியில் இன்னும் எத்தனை வருஷமோ!

தணிக்கைக்காரர் மெமோவைப் படித்துவிட்டுச் சிரித்தார். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே, கூரை மடங்காதுன்னு. அதையே எழுதிடும். நாலு பேர்கிட்ட, எங்க அவசரத்துக்கெல்லாம் ஓடற வண்டின்னு கடுதாசி வாங்கி இணைச்சுடும்."

எழுதினேன். கூரை மடங்காது. அறுபதுக்கு மேல் போகாது. சிவப்பு என்பது நிறம் மட்டுமே. நோக்கம்: அலுவலகம், கோயில், ஆஸ்பத்திரி, அண்டை வீட்டார் அவசரம். இன்று யாராவது என்னைக் கேட்டால், எந்த வண்டிக்கு நோக்கம் என்ற கட்டத்தில் கோடுதான் போட முடியுமோ அதுதான் ஸ்போர்ட்ஸ் கார், கூரையும் வேகமும் அப்புறம் என்பேன். அன்று அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

நாலு வீட்டிலும் கடிதம் கொடுத்தார்கள். கோயமுத்தூர்க்காரர், தன் மனைவியைப் பிரசவத்துக்கு அந்தக் காரில்தான் கொண்டுபோனதாக எழுதியிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மாளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

"அதுக்கென்னுங்க, இன்னும் ரெண்டு மாசந்தானுங்களே. அப்ப நெசமாயிருமில்லீங்க?" என்றார்.

பதிலின் நகலை என் மனைவி வாங்கிப் படித்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப ஞாயித்துக்கெழம நாம போனது?"

"அது எதுக்கு இதுல?"

"அது ஒண்ணுதேன் நெசம். அது மட்டும் இதுல இல்ல."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "பிரமோஷன் வேணுமா, வேணாமா?" என்று கத்தினேன். "வேணுந்தேன்" என்று சொல்லிக் காகிதத்தை நாலாக மடித்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பதவி உயர்வு வந்தது. எதிர்வீட்டில் பிள்ளைப்பேறும் வந்தது. கோயமுத்தூர்க்காரர் கடிதம் நிஜமாயிற்று. அந்த அம்மாளுக்குச் சத்தம் ஆகாது என்று சைலன்சரைச் சரிசெய்தேன், உறுமல் போயிற்று. தணிக்கைக்காரர் ஒரு ஞாயிறு தன் மாமியாரை மந்திர் மார்க் பக்கம் கோயிலுக்கு அழைத்துப் போகச் சொன்னார். "எழுத்து மூலமாவே கொடுத்திருக்கேன், ஞாபகம் இருக்கோல்லியோ?" என்று கண்ணடித்தார். அடுத்த ஞாயிறு ஸ்டேஷன். மெட்ராஸ் ரயிலிலிருந்து அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி, பக்கத்து வீட்டுச் சித்தப்பா. அதற்கடுத்த ஞாயிறு மண்டிக்குப் போய் ஐந்து வீட்டுக்கும் காய்கறி. முடியாது என்று எந்த முகத்தோடு சொல்வேன்? எனக்காகப் பொய் சொன்னவர்கள். அந்தப் பொய்யை ஞாயிறு ஞாயிறாக நானே மெய்யாக்கிக்கொண்டிருந்தேன். வண்டியில் இடம் இருக்காது. "நீங்க போயிட்டு வாங்க" என்று அவள் மாடி வராந்தாவிலேயே நின்றுவிடுவாள். பிறகு வராந்தாவுக்கும் வருவதில்லை.

குளிர் முடிகிற சமயம் ஒரு ஞாயிறு, யாரும் கேட்கவில்லை. ஐந்தரைக்கு எழுந்தேன். சின்னப் பையன்போல அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டேன். அவள் தோளைத் தொட்டு எழுப்பினேன்.

"வா, ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "எதுக்கு?"

அதுவரை எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் அப்படிக் கேட்டதில்லை. கோபமாகவும் கேட்கவில்லை. ஸ்டேஷனுக்கா, மண்டிக்கா, பை எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கோடு போட்ட கட்டத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான்தானே. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"கால ஆட்டாதீங்க, கட்டிலு ஆடுது" என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.