தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்

எனக்கு வாய் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் அந்த வாயை மூடிக்கொண்டிருந்தேன். மற்றவர்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும்.

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் வாழை போடுகிற ஊர் எங்களுடையது. நான் அங்கன்வாடி டீச்சர். தடுப்பூசி போட்டாச்சா, எடை பார்த்தாச்சா என்று வீடு வீடாகப் போய் எல்லோர் உயிரையும் எடுப்பவள். அது ஆனி மாதம். சாரல் காற்றில் மையத்துப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டு வயது முடியாத என் மகளுக்கும் சளி பிடித்து, இருமலும் காய்ச்சலும் வந்தன. டவுன் டாக்டர் வைரஸ் காய்ச்சல் என்று மருந்து எழுதிக் கொடுத்தார். மறுநாள் சாயங்காலம் அவள் நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. கண் இரண்டும் சிவந்துவிட்டன.

பக்கத்து வீட்டிலிருக்கும் என் கணவரின் அக்கா வந்து பார்த்தார். மைனி என்று கூப்பிடுவேன். பார்த்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏளா, ஆத்தா வெளையாட வந்திருக்கா. இனி மருந்து மாத்திரன்னு ஒண்ணும் குடுக்கக் கூடாது. செவ்வாக்கிழம தலைக்குத் தண்ணி ஊத்துவோம். அதுவரைக்கும் புள்ள வாசப்படி தாண்டக் கூடாது பாத்துக்கோ."

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் வேப்பிலைக் கொத்தைக் கட்டியதே நான்தான். வீட்டில் தாளிப்பதை நிறுத்தினேன். காய்ச்சல் மருந்தை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தேன். அம்மை என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் படித்தவள், படிக்காதவள் எல்லாம் ஒன்றுதான். உள்ளே ஒரு பயம் உட்கார்ந்திருக்கிறது, அது சான்றிதழ் எல்லாம் பார்ப்பதில்லை.

காய்ச்சலின் ஐந்தாம் நாள் காலையிலும் உடம்பு கொதித்தது. உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. அழுவதற்கு வாயைத் திறந்தபோது பார்த்தேன், நாக்கு செக்கச் செவேல் என்றிருந்தது. உடம்பில் தேடித் தேடிப் பார்த்தும் ஒரு நீர்க்கொப்புளம் இல்லை. சட்டையில்லாமல் வேப்பிலைமேல் படுத்திருந்தவளைப் புரட்டியபோது இடது கையில் கண் நின்றது. பிறந்ததும் போட்ட காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு சிவந்து வீங்கியிருந்தது. எத்தனை பிள்ளைகளின் இடது கையைப் பார்த்தவள் நான்! எந்தத் தழும்பும் ஒன்றரை வருடம் கழித்துத் திடீரென்று இப்படி முழித்துக்கொண்டதில்லை.

பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கினேன். மைனி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி ஊத்தல. இப்பம் தூக்கிட்டுப் போனா புள்ளைக்கு என்னமும் ஆயிரும். சொல்லுதேன்லா?"

"இங்கனயே கெடந்தாலும் ஆயிரும் மைனி. வழிய விடுங்க."

அவர் நகரவில்லை. முற்றத்தில் நின்ற என் கணவரைப் பார்த்துக் கேட்டேன்: "பைக்க எடுக்கியளா, இல்ல நான் பஸ்ஸுக்குப் போவட்டுமா?" அவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பிள்ளையின் உதட்டைப் பார்த்தார். பைக்கை எடுத்தார். மைனியை இடித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். அதற்கு இன்றுவரை வருத்தப்படவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி. மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுப் பார்த்ததில் சளி வைரஸ் இருந்தது. சின்ன டாக்டருக்கு நிம்மதி. "அதான் காரணம் தெரிஞ்சிட்டே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

"சளிக்கு அது காரணம், சரி. இந்தக் கை எதுக்குச் சார் செவந்திருக்கு?"

அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், அதுவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

பெரிய டாக்டரம்மா வந்தார். கண், நாக்கு, கழுத்து, உள்ளங்கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். தழும்பைப் பார்த்ததும், "காய்ச்சல் எத்தனாவது நாள்?" என்று கேட்டார். கவாசாகி என்று ஒரு பெயர் சொன்னார். உடம்பிலுள்ள ரத்தக் குழாய்களில் அழற்சியை உண்டாக்குகிற நோய். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் வீங்கிவிடலாம். "வைரஸும் இருக்கு, இதுவும் இருக்கு. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்கக் கூடாதுன்னு சட்டம் இல்லம்மா. காய்ச்சல் வந்து பத்து நாளுக்குள்ள மருந்து ஏத்தணும். நாள் இருக்கு" என்றார்.

அன்றே மருந்து ஏற்றினார்கள். மறுநாள் காய்ச்சல் இறங்கி, இட்லி கேட்டாள். ஆனால் ஸ்கேனில் ஒரு குழாய் ஏற்கெனவே கொஞ்சம் விரிந்திருந்தது. முன்னாலேயே வந்திருந்தால் விரிந்திருக்காதா என்று கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்காக இரக்கப்பட்டுச் சொன்னார் என்றே நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்த வாரத்தில் அவள் விரல் நுனிகளில் தோல் உரிந்தது. இந்த நோயில் அப்படித்தான் உரியும். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. ஆத்தாளின் கோபம் என்றார்கள்.

அம்மன் கோயில் ஆடிக் கொடைத் திருவிழாவில் மத்தியானப் பூஜை. மேளம் உச்சத்தில் இருந்தபோது பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த என் முன்னால் சாமியாடி வந்து நின்றார். மற்ற நாட்களில் வாழைத்தார் சுமக்கிறவர். அவர் பிள்ளைகள் என் மையத்தில்தான் முட்டை சாப்பிடுகிறார்கள்.

"தண்ணி ஊத்துததுக்கு முன்னால எம்புள்ளையத் தூக்கிட்டுப் போனது ஆரு?"

மேளம் நின்றது. மைனி என் முழங்கையைப் பிடித்து, "தப்புன்னு சொல்லிருளா, சொல்லிரு" என்றார். அவருக்கும் பிள்ளை மேல் உயிர்தான், அதை நான் மறுக்கவில்லை. எனக்கும் பயம்தான். அடுத்த ஸ்கேனில் அந்தக் குழாய் இன்னும் விரிந்திருந்தால் இந்த ஊர் என்னை என்ன சொல்லும் என்று தெரியும்.

"நான்தான் தாயே. மூணு நாளு வீட்டுல போட்டு வச்சிருந்தேன், அது தப்பு. அதுக்கு எம்புள்ளைட்ட மாப்புக் கேட்டாச்சு. தூக்கிட்டுப் போனதுக்கு ஆருகிட்டயும் கேக்க மாட்டேன்."

சாமியாடி பிள்ளையின் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டு நகர்ந்தார்.

அடுத்த ஸ்கேனில் குழாய் சுருங்கியிருந்தது, முழுவதும் அல்ல. தினமும் ஒரு சின்ன மாத்திரை, அவ்வப்போது ஒரு ஸ்கேன் என்று போகிறது. ஆத்தா பாதி மன்னித்துவிட்டாள் என்கிறார் மைனி. என் மூன்று நாள்தான் மீதிப் பாதி என்கிறேன் நான்.

வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியாள் போகக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. போன மாதம் கீழத்தெருவில் ஒரு வாசலில் கொத்து தொங்கியது. "டீச்சர், புள்ளைக்கு அம்ம போட்டிருக்கு, உள்ள வராதிய" என்று அந்தத் தாய் ஓடி வந்தாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போய், பிள்ளையைத் திருப்பிப் பார்த்தேன். நிஜமாகவே அம்மைதான், உடம்பெல்லாம் நீர்க்கொப்புளம். அதற்கும் டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டு வெளியே வந்தால் தெருவே கூடி நின்றது. வீட்டைத் தீட்டாக்கிவிட்டேன் என்று வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, காய்ச்சல் எத்தனாவது நாள் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். அடுத்த வாசலில் கொத்து தொங்கினாலும் போவேன்.