குடும்பத் தலைவர் என்ற கோடு

கல்முனையில் ஒரு ட்ரவல்ஸில் பதினெட்டு வருடம் புக்கிங் பார்த்தேன். உம்ரா, டுபாய் விசிட், எயார்போட் வேன் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக, நான் விட்ட ஒரு பிழையை எழுதுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு அதுதான் கைகொடுத்தது.

நிந்தவூர் சிபானாவுக்கு மூன்று பெண் பிள்ளைகள். கணவர் கத்தாரில். மூத்தவள் ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் சோதனை பாஸ் பண்ணினால், வாப்பா லீவில் வந்ததும் கொழும்புப் பக்கம் இருக்கும் தண்ணீர்ப் பூங்காவுக்குப் போவதென்று பேச்சு. பிள்ளை பாஸ் பண்ணிவிட்டாள். வகுப்பு முழுக்கச் சொல்லியும் விட்டாள்.

ஹோட்டல் தேட சிபானா என்னோடு இரண்டு நாள் உட்கார்ந்தாள். எல்லாரும் ஒரே அறையில் படுக்கலாமா? சமையல் ஹலாலா? முழு உடுப்போடு தான் நீச்சல் தடாகத்தில் இறங்கலாமா? சின்னவள் நடக்கிற தூரத்தில் பூங்கா இருக்கிறதா? எங்கள் கடை வழக்கமாக ஆள் அனுப்பும் ஹோட்டல் எல்லாவற்றுக்கும் ஓம் என்றது. கடைப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். முதல் கோடு, குடும்பத் தலைவர். ஒரு வார்த்தை கேட்காமல் கணவரின் பெயரை எழுதினேன்.

போவதற்கு நாலு நாள் இருக்கும்போது அவருடைய லீவு நின்றுவிட்டது. அடுத்த லீவுக்கு இரண்டு வருடம். ஹோட்டலுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

“தலைவர் வராட்டி பேமிலி ரூம் இல்ல மேடம், லேடி பேர மாத்திப் போடவும் முடியாது. ரெண்டு ரூம் எடுக்கச் சொல்லுங்க, ஒரு ரூமுக்கு ரெண்டு பேர்.”

“ஆறு வயசுப் புள்ளயத் தாய்க்கிட்ட இருந்து பிரிச்சு வேற ரூமில போடவா?”

“நாலு பேரில யாரைப் பிரிக்கிறதுன்னு அவங்க பாத்துக்கட்டும். ரூல்ஸ் மேடம்.”

சிபானா எதிரேதான் இருந்தாள். முதலாளி ஹாஜியார் தன் மேசையிலிருந்தே தீர்ப்புச் சொன்னார். “விடுங்க தங்கச்சி. புருஷன் வந்தாப் பொறகு போகட்டும். பொம்புள தனிய, மூணு புள்ளயளோட என்னத்துக்கு அலையிற?”

“மூணு புள்ளயளோட தனியத்தானே ஹாஜியார் அஞ்சு வருஷமா இரிக்கிறன்,” என்றாள் சிபானா. “இவகட வாப்பா வராட்டி நாங்க குடும்பமில்லையா?”

நான் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். சிபானா இருப்பது அவளுடைய சீதன வீடு. வீட்டு உறுதிப் பத்திரமும் அவள் பெயரில்தான். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த நானே அவளை இரண்டாவது கோட்டில் எழுதியிருக்கிறேன். ஹோட்டல்காரனை ஏசுவதற்கு முன் என்னை ஏசவேண்டும். வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம்.

“ஹாஜியார், நீங்க இரிக்கிற வீடு ஆர்ட பேரில?”

“அது வேற, இது வேற.”

“ஒண்டும் வேறில்ல. இந்த புக்கிங்க நான் வெட்டுறன்.”

“வெட்டினா வருஷக் கடைசில எங்கட ஆக்களுக்கு அங்க ரூம் கிடைக்காது. உங்கட வேலையப் பாருங்க!”

“இதுதான் என்ட வேல. வேணாமெண்டா சொல்லுங்க, மேசையத் துடைச்சுத் தந்திட்டுப் போறன்.”

அவர் கணக்குக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டார். வெட்டினேன்.

பிறகு அந்தப் பூங்காவைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஹோட்டலாக போன் போட்டேன். இரண்டு இடத்தில் முதல் கேள்வியே புருஷனைப் பற்றித்தான், “சேர் பேர் என்ன?” மூன்றாவது, எங்கள் லிஸ்டில் இல்லாத ஒரு சின்ன ஹோட்டல். எடுத்தது ஒரு பெண். சிங்களம் கலந்த தமிழ்.

“பிள்ளைங்க எத்தனை பேர்? சின்னவளுக்கு நீந்தத் தெரியுமா? நம்ம நீச்சல் தடாகம் ஒரு பக்கம் ஆழம்.”

சிபானாவின் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். சமையலைப் பற்றிக் கேட்டதும் போனைச் சமையல்காரரிடமே கொடுத்துவிட்டார். கடைசியில் நானே வலியச் சொன்னேன். “வாப்பா வரமாட்டார்.”

“அப்போ ஒரு கட்டில் குறைக்கவா?” என்றார். அவ்வளவுதான்.

போனார்கள். மூத்தவள் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள். “மாமி, உம்மா பெரிய சறுக்கல்ல ரெண்டு தரம் வந்தா! கத்தின கத்துல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க!” அதைக் கடையில் எல்லாருக்கும் கேட்கப் போட்டேன்.

பிள்ளைகளே, ஹோட்டலின் படத்தையும் நட்சத்திரத்தையும் பிறகு பாருங்கள். போன் எடுத்தவர் முதலில் யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று கவனியுங்கள். பிள்ளைகளைக் கேட்டால் அது குடும்பத்துக்கான ஹோட்டல்.

அந்தக் கிழமையே கடைப் படிவத்தைப் புதிதாக டைப் பண்ணினேன். முதல் கோட்டில் ‘யார் யார் வருகிறீர்கள்?’ என்று போட்டேன். ஹாஜியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலும் கீழும் தேடினார்.

“குடும்பத் தலைவர் எங்க தங்கச்சி?”

“வீட்ட போய்க் கேட்டுட்டு வாங்க, ஹாஜியார்.”